காணி பார்க்கப் போனீங்களோ?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்கு எடுபட்டால் ஊருக்கு ஒரு கவலை தீரும், அடுத்த கவலை தொடங்கும். எதில் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போகிறது? இருதயம் என்றால் முகம் மலரும். சத்திரசிகிச்சை என்றால் இன்னும் கொஞ்சம் மலரும். கண், தோல் எல்லாம் பரவாயில்லை, பின்னேரம் தனியாரில் இருந்து பார்க்கலாம். குழந்தைப் பிள்ளை டொக்டர் என்றால் "நல்லது, புண்ணியம்" என்பார்கள், அந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் கலந்திருக்கும். ஆனால் குழந்தைகளுக்கு வருகிற தொற்றுநோய்களை மட்டும் மேலே படிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால்? எனக்குத் தெரிந்த ஒரு டொக்டர் பிள்ளை அப்படிச் சொன்னபோது அவருடைய பெரியம்மா கேட்டாராம்: "காய்ச்சல் பாக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு படிப்பு? பனடோல் குடுக்க எனக்கே தெரியுமே."

பெரியம்மாவைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் உலகம் முழுக்க இதே கணக்குத்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் மூன்று வருடம் குழந்தை மருத்துவப் பயிற்சி முடித்தவர் அதற்கு மேலும் மூன்று வருடம் பயின்றால்தான் குழந்தைத் தொற்றுநோய் நிபுணர். அவ்வளவும் படித்த பிறகு கிடைக்கிற சம்பளம், அந்த மேல் மூன்று வருடத்தைத் தொடாமல் சாதாரணக் குழந்தை மருத்துவராக இருக்கிறவருடையதை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை, பல வேளை குறைவு. வெட்டித் தைக்கிற வேலை கிடையாது, குழாய் விட்டுப் பார்க்கிற வேலையும் கிடையாது. கேள்வி கேட்பது, யோசிப்பது, மற்ற டொக்டர்மார் போட்ட அன்டிபயோட்டிக்கை நிறுத்தச் சொல்லி அவர்களிடம் பேச்சு வாங்குவது, இதுதான் தொழில். வருடா வருடம் அங்கே இந்தப் பயிற்சிக்குரிய இடங்கள் ஆளில்லாமல் காலியாகக் கிடக்கின்றன.

அப்படியும் வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல எப்போதும் ஒரு கதை இருக்கும். போல் ஒஃபிட்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1951இல் போல்டிமோரில் பிறந்தவர். ஐந்து வயதில் காலில் செய்த ஒப்பரேசன் பிழைத்துப்போக, போலியோப் பிள்ளைகளின் வார்டில் வாரக்கணக்காகக் கிடந்தார். பெற்றோர் வந்து பார்க்கக் கொடுத்த நேரமும் மிகக் கொஞ்சம். பிற்காலத்தில் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவராகி, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ரொட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தார், 2006இல் அது அங்கே பாவனைக்கு வந்தது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஆனால் முழுசாக விழுங்கவும் மனம் வராது. அந்த வார்டில் அவரோடு எத்தனை பிள்ளைகள் கட்டிலில் கிடந்திருக்கும், அவர்களெல்லாம் எங்கே? வெற்றி பெற்ற ஒருவரின் சிறு வயதுக்குள் போய்த் தேடினால் எதற்கும் ஒரு காரணம் கிடைக்கத்தான் செய்யும்.

இங்கே பாதை வேறு. ஐந்து வருடம் மருத்துவபீடம், ஒரு வருடம் இன்டேர்ன், பிறகு கொழும்பில் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள், எம்.டி., சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டில் ஒரு வருடம். எல்லாம் முடிய முப்பத்தைந்து வயது தாண்டிவிடும், அதற்குள் கலியாணப் பேச்சு வேறு. டெங்கு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் எது வந்தாலும் வார்டில் குழந்தை மருத்துவர்தான் பார்க்கிறார். நான் சொல்கிற பிள்ளை இப்போது இந்தப் பாதையில் நடுவழியில் நிற்கிற ஒரு ரெஜிஸ்ட்ரார். வெளிநாட்டு வருடத்தைத் தொற்றுநோயிலேயே செய்ய வேண்டும் என்பது ஆசை. தன் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத விட்டிருக்கிறார்.

அரைஞாண் கயிற்றுக்குக் கீழே

என் தம்பியின் மகனுக்கு ஏழு வயது. தை மாதம். இங்கே தை மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரும் வேறு எதையும் யோசிப்பதில்லை. மாரி மழை விட்ட கையோடு டெங்கு வரும், 2024 தொடக்கத்தில் வார்டுகள் நிரம்பி வழிந்ததைக் கண்ட எவருக்கும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பெடியனுக்கு இரத்தம் குத்திப் பார்த்தார்கள், டெங்கு இல்லை. அடுத்த நாளும் குத்தினார்கள். பிளேட்லெட் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் டெங்குவின் போக்கில் இல்லை. காய்ச்சல் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று போய்க்கொண்டேயிருந்தது. ஊசி மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை. எங்கள் அம்மா நல்லூருக்கு நேர்த்தி வைத்துவிட்டு, தலைமாட்டில் திருநீற்றுப் பையை வைத்துக்கொண்டு இருந்தார்.

அன்றைக்குப் பின்னேரம் இந்த ரெஜிஸ்ட்ரார் பிள்ளை தனியே வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தார். காலை ரவுண்டில் கூட்டமாக வந்து போகிறபோது யாரும் ஸ்டூலில் இருப்பதில்லை, அதனால் எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. பெடியனின் தாயிடம்கூடக் கேட்கவில்லை, நேரே அம்மாவிடம்தான் கேட்டார்.

"அம்மா, உங்கட சொந்தக் காணி எங்கை?"

"மயிலிட்டிப் பக்கம், பிள்ளை."

"ஆமி விட்டாச்சோ?"

"எங்கட துண்டு விட்டாச்சு."

"மார்கழி லீவுக்குள்ள காணி பார்க்கப் போனீங்களோ?"

"ஓம், பத்தை வெட்டிக் கிணறு இறைக்கப் போனனாங்கள்."

"பேரனும் வந்தவரோ?"

"பின்னை? அப்பப்பாவின்ர வீட்டை அவனுக்குக் காட்ட வேண்டாமோ?"

வீடு என்று அம்மா சொல்வது அத்திவாரத்தையும் அரைச் சுவர் ஒன்றையும்தான். அதற்குள் ஆள் உயரத்துக்குப் பத்தை. பெரியவர்கள் கத்தியோடு நிற்க, பெடியன் நாள் முழுக்க அந்தப் பத்தைக்குள் ஓடி விளையாடினான், நானும் அங்கேதான் நின்றேன்.

டொக்டர் எழும்பிப் பெடியனின் உடுப்பைக் கழற்றச் சொன்னார். போனில் இருந்த லைட்டைப் போட்டுக்கொண்டு காதுமடலுக்குப் பின்னால், கழுத்தின் மயிர்க்கரையில், கக்கத்தில், தொடை இடுக்கில் என்று தேடினார். அவசரப்படவில்லை. கடைசியில் அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். முதுகுப் பக்கத்தில், கயிறு படுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிவர மெல்லிய சிவப்பு. ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை, ஆகவே பெடியன் அதைப் பற்றி ஒருநாளும் சொல்லவில்லை. அம்மா அதைக் குளிப்பாட்டும்போது கண்டிருக்கிறார், கயிறு உரஞ்சின காயம் என்று நல்லெண்ணெய் பூசிவிட்டிருக்கிறார்!

உண்ணிக் காய்ச்சல். பத்தைகளில் இருக்கிற, கண்ணுக்கு லேசில் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது, கடித்து ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் எங்கே போனோம் வந்தோம் என்பதே மறந்திருக்கும். கிருமி உடம்பின் கலங்களுக்குள்ளேயே குடியிருப்பதால் வழமையாகப் போடுகிற பென்சிலின் குடும்பத்து ஊசிகள் அதைத் தொடாது. டொக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும், இரண்டும் விலை குறைந்த பழைய மருந்துகள். ஆட்கள் போகாமல் பத்தை மண்டி எலி பெருகின நிலம் இந்த உண்ணிக்கு நல்ல இடம். இரண்டாம் உலகப்போரில் இலங்கையில் நின்ற படையினருக்கும் இது வந்தது. முப்பது வருடம் படையினர் வைத்திருந்த காணியை நாங்கள் திரும்பப் போய் வெட்டுகிறபோது எங்களுக்கு வருகிறது. மருந்து மாற்றி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது, பெடியன் கொத்துரொட்டி கேட்டான்.

எந்த இடம்?

அம்மாவுக்கு டொக்டரில் மதிப்பு வந்துவிட்டது என்பது அவர் கேட்ட கேள்வியில் தெரிந்தது. "பிள்ளை எந்த இடம்?"

"அப்பாவின்ர இடம் பலாலி. நான் காம்பில பிறந்தனான் அம்மா." எந்தக் காம்ப் என்பதை இங்கே விடுவோம். 1990 ஆனியில் சண்டையால், மயிலிட்டியும் பலாலியும் அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்குக் கொஞ்சநாள் என்று சொல்லிப் போட்ட கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்து ஏ.எல். எடுக்கும் வயதுக்கு வந்தார்கள் என்பது இங்கே யாருக்கும் புதினமில்லை. அம்மா விடவில்லை. "தகப்பன் என்ன வேலை?" "மேசன் வேலை, கிடைச்சால் கூலி." டொக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எந்த இடம் என்று நாங்கள் கேட்கிறபோது அதற்குள் என்னென்ன கேள்வி மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டொக்டராக வந்த பிறகும் அது ஆளை விடாது. எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் முறை எடுபட்டது, எந்த மாவட்டத்தால் எடுபட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது, மொத்த இடங்களில் ஐந்து வீதம். அந்த ஐந்து வீதத்தைப் பற்றி எங்கள் கலியாண வீடுகளில் நடக்கிற கதையைக் கேட்டால் மிச்சத் தொண்ணூற்றைந்தும் களவு போய்விட்டது என்று நினைப்பீர்கள். "கோட்டாவில வந்ததுகள்" என்று ஒரு சொல். வன்னியில் வயலுக்குள் வளர்ந்த ஒரு பிள்ளை, எந்த வேலைக்குப் பிறகு எந்தக் காய்ச்சல் வரும் என்று தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கும். ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் காரிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அதைப் புத்தகத்தில்தான் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற இசட் புள்ளியில் இது வராது.

ஒரே கேள்வியைத்தான் அம்மாவும் கேட்டார், டொக்டரும் கேட்டார், சொந்தக் காணி எங்கே, எந்த இடம் என்று. ஒருவருக்கு அந்தப் பதிலில் எதிரில் நிற்பவரை எந்தப் படியில் வைப்பது என்று தெரிய வேண்டும், மற்றவருக்குப் பெடியன் எந்தப் பத்தைக்குள் ஓடினான் என்று தெரிய வேண்டும். மாதக்கணக்காக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பது இதுதான். டொக்டர் எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார் என்பது முக்கியமில்லை, படிப்புத்தான் முக்கியம் என்று இவ்வளவு காலமும் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவள் நான். இந்தத் துறையில் அது முக்கியம்தான் போலிருக்கிறது, ஆனால் நாங்கள் விசாரிக்கிற காரணத்துக்காக அல்ல.

1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கும் இந்த யோசனை இருந்தது. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தவர், 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் நல்ல சம்பளத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்களாவது கிராமத்தில் நிற்பார்கள் என்பது அவருடைய கணக்கு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மார் எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்பதைப் பார்க்கிறபோது, கிறீன் சரியான இடத்தில்தான் கவலைப்பட்டிருக்கிறார்.

கிணறும் குழியும்

கிளினிக்குக்குத் திரும்பக் காட்டப் போனபோது நான் ஆங்கில ரீச்சர் என்று டொக்டருக்குத் தெரிய வந்தது. வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறபோது தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், ஏன் இந்தத் துறை, நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று. அதைப் பார்த்துத் தருவீங்களோ என்று கேட்டார். அப்படித்தான் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்தார், அம்மா தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

காம்பில் வளர்ந்தபடியால்தானே அந்தக் கேள்வி உமக்கு வந்தது என்று நான் சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இல்லை ரீச்சர். சனம் காணி பார்க்கப் போறதும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதும் எனக்குத் தெரியும், சரி. ஆனா காய்ச்சல் நிக்காட்டில் திரும்ப முதலிலையிருந்து கதை கேள், தலையிலையிருந்து கால்வரைக்கும் பார் எண்டு வார்டுக்குப் பொறுப்பான கொன்சல்டன் பேசிப் பேசிப் பழக்கினவர். அது இல்லையெண்டால் எனக்குத் தெரிஞ்சது எனக்குள்ளயே இருந்திருக்கும்."

பிறகு இன்னொன்று சொன்னார், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஒரு வீட்டில் அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் அடுத்தடுத்துச் செங்கமாரி. இவர்தான் முதலில் விசாரித்தார். என்ன சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் வந்ததா, எல்லாம் கேட்டார். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. "கிணத்துத் தண்ணியை ஆர் ரீச்சர் கொதிக்க வைக்கிறது? நாங்கள் பிறந்ததிலையிருந்து அள்ளிக் குடிச்ச தண்ணி. அது ஒரு கேள்வியாவே எனக்குத் தோன்றேல்லை." அந்தக் கொன்சல்டன் தெற்கிலிருந்து வந்த சிங்களவர், தமிழ் அரைகுறை. அவர் வந்து தாயிடம் கேட்டது இவ்வளவுதான்: "கிணறு. கக்கூசுக் குழி. எவ்வளவு தூரம்?" தாய் எழும்பி வார்டுக்குள்ளேயே காலடி வைத்து அளந்து காட்டினாராம். கட்டில் ஒன்றிலிருந்து நாலாம் கட்டில் வரைக்கும்கூடப் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, எங்களுக்கு எல்லாம் நிலத்தடித் தண்ணீர்தான். கீழே சுண்ணக்கல், வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே ஊற்றுகிறது கீழே போய்விடும், தோட்டத்துக்குப் போடுகிற உரம் உட்பட. முந்தி ஒரு பெரிய காணிக்குள் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் குழி என்று இருந்தது. சீதனம் கொடுத்துக் கொடுத்து, பிரித்துப் பிரித்து, இப்போது உன் கிணற்றுக்குப் பக்கத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரனின் குழி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே வாளியைப் போட்டு அள்ளுகிறோம். தெற்கில் வேறு விதமான தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒருவருக்கு அது வந்த அன்றே உறுத்தியிருக்கிறது.

ஆகவே மண்ணின் பிள்ளைதான் மண்ணின் நோயைக் கண்டுபிடிக்கும் என்று நான் மனதுக்குள் கட்டிவைத்திருந்த அழகான முடிவு விறாந்தையிலேயே இடிந்து விழுந்தது. வளர்ந்த இடம் சில கேள்விகளைக் கையில் தருகிறது, சில கேள்விகளை மறைத்தும் விடுகிறது. ஒரு வார்டில் பத்தையை அறிந்தவரும் வேண்டும், கிணற்றைப் புதிதாகப் பார்க்கிறவரும் வேண்டும், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கிற பழக்கமும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் ஆஸ்பத்திரிகளில் கஷ்டம், ரெஜிஸ்ட்ரார் ஒன்றைச் சொல்லிக் கொன்சல்டன் கேட்பதை நான் அதிகம் கண்டதில்லை.

வெட்டின பந்தி

கடிதத்தின் முதல் படியில் காம்பைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. ஒரு குழாய்க்கிணற்றில் வரிசையில் நின்றது, பொதுக் கக்கூசுக்கு இரவில் தாய் லாம்போடு கூட வந்தது, இடம்பெயர்கிறபோதெல்லாம் தாய் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பிள்ளைகளின் தடுப்பூசிக் கார்ட்டையும் ஒரே ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டது. சண்டைக்குள்ளும் போலியோச் சொட்டு மருந்துக்காக இரண்டு பக்கமும் துவக்கை இறக்கிவைத்த நாட்கள் 1990களில் இருந்தன. அப்படி ஒரு நாளில் தனக்கும் வாயில் இரண்டு துளி விழுந்ததைத் தாய் சொல்லக் கேட்டு எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அங்கங்கே பிழை இருந்தது, ஆனால் கடிதத்திலேயே உயிருள்ள பந்தி அதுதான்.

அடுத்த படியில் அதைக் காணவில்லை. மாசற்ற ஆங்கிலத்தில், யாரும் எழுதக்கூடிய ஒரு கடிதம். நான் சண்டை பிடித்தேன். அங்கே இருக்கிறவர்கள் இதைத்தான் தேடுவார்கள், இதைப் படித்தால் உடனே கூப்பிடுவார்கள் என்றேன். அவர் பணியாரத்தைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்: "அதுதான் ரீச்சர் பயம். காம்பை எழுதினால் நேர்முகத்தில காம்பைப் பற்றித்தான் கேப்பினம். எனக்கு உண்ணியைப் பற்றிக் கதைக்க வேணும்."

நியாயம்தான். ஆனால் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இங்கே இருக்கிறவர்கள் அதைக் கேட்டு ஒரு படி கீழே வைப்பார்கள், அங்கே இருக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கண் கலங்குவார்கள், இரண்டு பேரிடமிருந்தும் தப்ப அந்தப் பிள்ளை தன் இருபது வருடத்தை ஒரு கோட்டால் வெட்ட வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குக் கோபம். யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை, அம்மா மேல் கொஞ்சம். தாயின் அந்தப் பையைப் பற்றிய ஒரு வசனத்தையாவது விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். பார்க்கிறேன் என்றார். வைத்தாரா இல்லையா என்று சொல்லவில்லை.

கடிதத்தில் வைக்காததை வார்டில் வைத்திருக்கிறார். காய்ச்சலோடு வருகிற பிள்ளையின் வீட்டாரிடம் கேட்கிறதற்கு ஒரு தாள், எல்லாம் பேச்சுத் தமிழில். காணி துப்பரவாக்கப் போனீங்களோ, வயலுக்குள்ள இறங்கினவரோ, வீட்டில ஆடு மாடு இருக்கோ, வெளிநாட்டாலை ஆரும் வந்து நிக்கினமோ. கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் என்பது கொன்சல்டனின் பங்கு. தெற்கிலிருந்து வருகிற இன்டேர்ன்மார் இந்தத் தமிழ்க் கேள்விகளைச் சிங்கள எழுத்தில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசித்துக் கேட்கிறார்கள். சென்ற மாதம் பெடியனுக்குத் தடிமன் என்று கொண்டுபோனபோது அப்படி ஒரு தம்பி அம்மாவிடம் தட்டுத் தடுமாறிக் கேட்டார், காணி பார்க்கப் போனீங்களோ என்று. அம்மா 1990 ஆனியிலிருந்து தொடங்கினார், ஷெல் விழுந்தது, மாட்டை அவிழ்த்துவிட்டது, காணி விடுகிற பட்டியலில் எங்கள் துண்டு வராமல் போனது, பிறகு வந்தது. அந்தத் தம்பி இடையில் நிறுத்தவும் தெரியாமல் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு, தாளில் அந்தக் கேள்விக்கு நேரே ஒரு சரி போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார், அதாவது அடுத்த கேள்விக்கு.